கட்டணம் கேட்காத பள்ளிக்கூடம்: சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவும் நாமும்

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கதை ஒன்று உண்டு. அப்பா தோட்டம் செய்தவர், அம்மா எழுத்து வாசிப்பு அதிகம் தெரியாதவர், வீட்டில் ஆறேழு பிள்ளைகள். ஆனாலும் அதில் ஒருவர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுத்து, விடுதியில் நின்று படித்து, பேராதனைக்கோ கட்டுப்பெத்தைக்கோ போய் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வெளியே வந்தார். பாலர் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் படிப்புக் கட்டணமாக ஒரு சதமும் கட்டியதில்லை. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இன்று நாம் குடியிருக்கும் வீட்டின் முதற்கல் பலருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வைக்கப்பட்டது.

அந்த வழியைத் திறந்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் எம்மில் பலருக்குப் பெயர் உடனே வராது. பெயர் வந்தாலும் கூடவே ஒரு தயக்கமும் வரும். அவர் ஒரு சிங்கள அமைச்சர். 1936இல் தமிழர் ஒருவருக்கும் இடமில்லாமல் அமைக்கப்பட்ட அமைச்சர் சபையில் இருந்தவர். அப்படிப்பட்டவருக்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். அவருடைய வாழ்க்கையை ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். நன்றியையும் சொல்லலாம், குறையையும் சொல்லலாம். இரண்டையும் சொல்வதே நேர்மை என்று நாம் நினைக்கிறோம்.

தெற்கில் ஒரு பையன்

கிறிஸ்ரோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அருகே றன்தொம்பே என்ற கிராமத்தில் பிறந்தார். காலிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கரையோரப் பகுதி அது. தகப்பனார் நீதிமன்றத்தைச் சார்ந்த அரச உத்தியோகத்தர். தாயார் பிள்ளைகள் சிறுவயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. பையனை அம்பலாங்கொடையில் இருந்த வெஸ்லியன் மிசன் பாடசாலையில் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்து இலங்கையில் இரண்டு வகைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த பாடசாலைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவற்றில் படித்தவர் அதிகம் போனால் ஒரு கிராமத்து வாத்தியாராகலாம். ஆங்கிலத்தில் கற்பித்த கல்லூரிகளுக்குக் கட்டணம் உண்டு. எழுதுவினைஞர் வேலை முதல் சட்டத்தரணி, வைத்தியர் வரை எல்லா உத்தியோகங்களும் அந்தக் கல்லூரிகளின் வாசல் வழியேதான் கிடைத்தன. நாட்டின் பிள்ளைகளில் மிகச் சிறு பகுதியினரே அந்த வாசலைக் கண்டனர். காசுள்ளவனின் பிள்ளைக்கு ஒரு படிப்பு, இல்லாதவனின் பிள்ளைக்கு வேறொரு படிப்பு என்பது அன்றைய ஒழுங்கு.

அம்பலாங்கொடைப் பாடசாலையின் பரிசளிப்பு விழா ஒன்றுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜே. எச். டாரல் பிரதம விருந்தினராக வந்தார். ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்குவதை அவர் கவனித்தார். இவ்வளவு புத்தகங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி பிடிக்க வேண்டியிருக்கும் என்று அவர் வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்வார்கள். அதோடு நிற்காமல், றிச்மண்டில் இலவசமாகப் படிக்க ஒரு புலமைப்பரிசில் கிடைக்க வழிசெய்தார். அந்தப் புலமைப்பரிசில் கிடைத்திராவிட்டால் கன்னங்கரா அம்பலாங்கொடையைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகமே.

றிச்மண்டில் அவர் கணிதத்தில் முன்னுக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எண்கணிதத்தில் முழுப் பிரித்தானிய சாம்ராஜ்யத்திலும் முதலாவதாக வந்தார். கல்லூரிக் கிரிக்கெட் அணிக்கும் தலைவராக இருந்தார். படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் கணித ஆசிரியரானார். டாரல் 1906இல் நெருப்புக் காய்ச்சலால் காலமானார். அந்த மனிதர் தனக்குச் செய்ததைக் கன்னங்கரா கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் அமைத்த திட்டத்தைக் கூர்ந்து பார்த்தால், அம்பலாங்கொடையில் ஒரு பிள்ளைக்குத் தற்செயலாகக் கிடைத்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக்கும் முயற்சியே அது என்பது தெரியும்.

சட்டத்தரணியும் அரசியலும்

கொழும்புக்குப் போய் மொறட்டுவை பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரியிலும் வெஸ்லிக் கல்லூரியிலும் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்தார். 1910இல் சட்டத்தரணியாகிக் காலியில் தொழில் தொடங்கினார்.

அவருடைய அரசியல் பிரவேசம் எம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குப் போட்டியிட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்காகத்தான் அவர் முதலில் தேர்தல் வேலை செய்தார். காலியில் ஓர் இளம் சிங்களச் சட்டத்தரணி யாழ்ப்பாணத்து வழிவந்த தமிழர் ஒருவருக்கு வாக்குக் கேட்ட காலம் அது. நான்கு ஆண்டுகளின் பின், 1915 கலவரத்தை அடுத்து இராணுவச் சட்டத்தின் கீழ் கைதான சிங்களவர்களுக்காக இராமநாதன் இலண்டன்வரை போய் வாதாடினார். தென்பகுதி நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக முன்னின்றவர்களில் கன்னங்கராவும் ஒருவர்.

1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதில் சேர்ந்தார். அருணாசலம் பின்னர் மனம் கசந்து அதைவிட்டு வெளியேறினார். கன்னங்கரா அங்கேயே நின்று ஒருகாலத்தில் அதன் தலைவராகவும் வந்தார். இந்த இரண்டு பாதைகளும் எங்கே பிரிந்தன என்பது எமது வரலாற்றின் பெரிய துயரங்களில் ஒன்று. அது தனியாகப் பேசவேண்டிய விடயம்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி 21 வயதான எல்லோரும் வாக்களிக்கலாம். காலியிலிருந்து கன்னங்கரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். கல்வி நிர்வாகக் குழு அவரைத் தலைவராக்கியது. அதன்மூலம் நாட்டின் முதலாவது கல்வி அமைச்சரானார். அந்தப் பதவியில் 1947வரை 16 ஆண்டுகள் இருந்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டு அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் வடக்கின் நான்கு ஆசனங்கள் ஆரம்பத்தில் வெறுமையாகவே கிடந்தன என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

கிராமத்துக்குள் ஒரு கல்லூரி

வாக்குரிமை கிடைத்த கிராமத்து மனிதரின் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. நல்ல கல்லூரிகள் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களில் இருந்தன. அவற்றை நடத்தியவை மிசன்களும் சமய நிறுவனங்களும். அரசு அவற்றுக்கு உதவிப்பணம் கொடுத்தது. பெற்றோர் கட்டணம் கொடுத்தனர். கிராமத்தில் இருந்ததோ ஓலைக் கொட்டகையும் ஓர் ஆசிரியரும்.

இந்த இடைவெளியைக் குறைக்கக் கன்னங்கரா எடுத்த வழிதான் மத்திய பாடசாலைகள். நாம் மத்திய மகா வித்தியாலயம், மத்திய கல்லூரி என்று அழைக்கும் பல பாடசாலைகளின் மூலம் இதுதான். 1940களின் தொடக்கத்தில் அவருடைய தொகுதியான மத்துகமவில் முதலாவது திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்டவை எழுந்தன.

அவை எப்படி இயங்கின என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் பாடம் இருக்கிறது. முதலாவது, இடம். பாடசாலை நகரத்தில் இல்லாமல் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு நடுவில் அமைந்தது. இரண்டாவது, வசதி. நகரத்துக் கல்லூரியில் இருப்பதுபோல் விஞ்ஞான ஆய்வுகூடம், நூல்நிலையம், விளையாட்டு மைதானம் எல்லாம் அங்கே கட்டப்பட்டன. கூடவே விவசாயமும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. மூன்றாவது, ஆசிரியர். பட்டதாரிகளும் திறமையான அதிபர்களும் அங்கே அனுப்பப்பட்டனர். நான்காவது, ஆங்கிலம். காசுள்ளவர்களின் சொத்தாக இருந்த மொழி கிராமத்துப் பிள்ளைக்கும் கட்டணமில்லாமல் கிடைத்தது. ஐந்தாவது, விடுதி. சுற்றியுள்ள கிராமப் பாடசாலைகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, தெரிவானவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் அரச செலவில் கொடுத்தார்கள்.

இந்த ஐந்தில் ஒன்று குறைந்திருந்தாலும் திட்டம் பாதியில் நின்றிருக்கும். கட்டணத்தை மட்டும் நீக்கினால் பத்து மைல் தள்ளியிருக்கும் பிள்ளை வரமாட்டாது. விடுதியை மட்டும் கட்டினால் படிப்பிக்க ஆளிராது. ஏழைப் பிள்ளைக்கு ஏழைத்தனமான பள்ளிக்கூடம் போதும் என்று அவர் நினைக்கவில்லை. தான் படித்த றிச்மண்டுக்குச் சமமான ஒன்றைக் கிராமத்தில் வைக்க முயன்றார்.

கிழக்கில் இதன் அடையாளம் வந்தாறுமூலை. அரசாங்க சபையில் திருகோணமலை-மட்டக்களப்பைப் பிரதிநிதித்துவம் செய்த வி. நல்லையாவின் முயற்சியால் 1946இல் அங்கே மத்திய கல்லூரி உருவானது. மட்டக்களப்பு நகரத்துக்கு வெளியே, வயலும் காடும் சூழ்ந்த ஓர் ஊரில், கிழக்கின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் விடுதியில் நின்று படித்தார்கள். அந்த வளாகத்தில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி அதே வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த எம்மக்கள் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராமற் போனதையும் நாம் மறக்கவில்லை. ஓர் அரசு கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடமும் அரசு இழைத்த கொடுமையும் ஒரே மண்ணில் கிடக்கின்றன.

1945

மத்திய பாடசாலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே கல்வி முறை முழுவதையும் ஆராய ஒரு விசேட குழு அமைக்கப்பட்டது. கன்னங்கரா அதன் தலைவர். 1943இல் வெளிவந்த அறிக்கை அவருடைய பெயராலேயே அறியப்படுகிறது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்பது அதன் மையம். ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாக வேண்டும் என்பது இன்னொன்று. தமிழ்ப் பிள்ளை தமிழிலும் சிங்களப் பிள்ளை சிங்களத்திலும் தொடங்கும். இதே கோரிக்கையை ஹன்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் 1920களிலிருந்தே முன்வைத்து வந்தார்கள்.

அரசாங்க சபையில் 1944இல் தொடங்கிய விவாதம் இலேசில் முடியவில்லை. செலவை நாடு தாங்காது என்றார்கள் ஒரு சாரார். கட்டணமும் உதவிப்பணமுமாக நடந்துவந்த சமயப் பாடசாலைகளின் நிர்வாகங்கள் தமது சுதந்திரம் போய்விடும் என்று அஞ்சின. அவர்களுடைய அச்சத்தை வெறும் சுயநலம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்வியை வளர்த்தவை அமெரிக்க மிசன், ஆங்கிலத் திருச்சபை, மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகளும் பின்னர் வந்த சைவப் பாடசாலைகளும்தான். ஆனால் அந்தப் பாடசாலைகளுக்குக் கட்டணம் கட்ட வயலை ஈடுவைத்த தகப்பன்மாரும், மூத்தவனைப் படிப்பிக்க இளையவளின் படிப்பை நிறுத்திய வீடுகளும் யாழ்ப்பாணத்தில் நிறைய இருந்தன.

கடைசியில் பிரேரணை நிறைவேறியது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உதவிபெறும் பாடசாலைகளுக்குத் திட்டத்தில் சேர்வதா வெளியே நிற்பதா என்று தீர்மானிக்க அவகாசம் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானவை காலப்போக்கில் சேர்ந்தன. ஒரு தலைமுறைக்குள் விவசாயியின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் பல்கலைக்கழக வாசலில் நின்றார்கள். வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிப்பிக்கலாம் என்ற கணக்கு போனதால் பெண்பிள்ளைகளின் படிப்பு உயர்ந்தது. எமது அம்மாமாரில் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் வந்தவர்கள் இதன் பலனை நேரடியாக அறிவார்கள்.

தோல்வியும் முடிவும்

1947 பொதுத் தேர்தலில் கன்னங்கரா மத்துகமவில் தோற்றுப்போனார். அவரை வென்ற வில்மட் பெரேராவும் கல்விக்காக உழைத்தவர்தான். ஹொரணையில் ஸ்ரீபாலி என்ற கலைக் கல்லூரியை நிறுவியவர், அதற்கு 1934இல் அடிக்கல் நாட்டியவர் இரவீந்திரநாத் தாகூர். ஆயினும் நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட அமைச்சர், சுதந்திர இலங்கையின் முதலாவது நாடாளுமன்றத்துக்குள் போகவே இல்லை. பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்தார். 1952இல் அகலவத்தையில் வென்று உள்ளூராட்சி அமைச்சரானார். கல்வி அமைச்சு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 1956இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

அத்தனை ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர் பணம் சேர்க்கவில்லை. முதுமையில் மருந்துச் செலவுக்கே அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1969 செப்டம்பர் 23ஆம் திகதி காலமானார். இலவசக் கல்வியின் தந்தை என்று இன்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன.

அவர் வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதலாவது, மலையகம். தேயிலைத் தோட்டங்களில் எமது உறவுகளின் பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகள் இந்தத் திட்டத்தின் பலனைப் பெறவில்லை. நிர்வாகத்தின் கையில் இருந்த அந்தப் பாடசாலைகளில் சில வகுப்புகளும் ஓர் ஆசிரியரும் இருந்தாலே பெரிது. சுதந்திரம் கிடைத்த கையோடு அந்த மக்களின் குடியுரிமையே பறிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தம் உழைப்பால் ஈட்டிக்கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி ஒரு தலைமுறை பிந்தியே வந்தது.

இரண்டாவது, எமது சொந்தக் குறை. யாழ்ப்பாணத்தில் கட்டணச் சுவர் விழுந்தாலும் சாதிச் சுவர் நின்றது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சமாசனம், சமபோசனம் வேண்டும் என்று வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன. இலவசக் கல்வி வந்த பின்னரும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை நல்ல கல்லூரிகள் சேர்க்க மறுத்த கதைகளை எம் மூத்தவர்கள் அறிவார்கள். அதைக் கொழும்பின் தலையில் போட முடியாது. அந்த வாசலைச் சாத்தியவர்கள் நாமே.

மூன்றாவது, தரப்படுத்தல். கன்னங்கரா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை, 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு உதவவே இந்த ஏற்பாடு என்றார்கள். மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் பிள்ளைகள் சிலர் மாவட்ட ஒதுக்கீட்டால் பயன்பெற்றதும் உண்மை. ஆனால் மொழியை வைத்துப் புள்ளியைக் கூட்டியது எமது இளைஞர்களிடம் நீங்கள் இரண்டாந்தரம் என்று சொன்னது. அதன் விளைவு எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. நாம் இந்த நாடுகளில் வாழ்வதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

இங்கேதான் கன்னங்கராவின் வழி எவ்வளவு சரியானது என்பது தெரிகிறது. பின்தங்கிய கிராமத்தின் பிள்ளையை முன்னேற்ற அவர் அந்தக் கிராமத்தின் பள்ளிக்கூடத்தை உயர்த்தினார். ஆய்வுகூடம், ஆசிரியர், விடுதி, ஆங்கிலம் எல்லாவற்றையும் பதினோராவது வயதிலேயே கொடுத்தார். பின்வந்தவர்கள் பள்ளிக்கூடத்தைக் கவனியாமல் விட்டுவிட்டு, பத்தொன்பதாவது வயதில் பரீட்சை மண்டப வாசலில் புள்ளியைத் திருத்தினார்கள். முதலாவது வழியில் ஒருவரும் தோற்கவில்லை. இரண்டாவது வழியில் ஒரு பிள்ளை உள்ளே போக இன்னொரு பிள்ளை வெளியே தள்ளப்பட்டது.

எமக்கு என்ன?

இந்தக் கதை பழைய இலங்கையோடு முடிந்துவிடவில்லை. நாம் வாழும் நாடுகளிலும் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஜேர்மனியின் பல மாநிலங்களில் நாலாம் வகுப்போடும், சுவிஸின் பெரும்பாலான மாநிலங்களில் ஆறாம் வகுப்போடும் ஒரு பிள்ளை எந்த வகைப் பாடசாலைக்குப் போவது என்று தீர்மானிக்கிறார்கள். வீட்டில் டொச் பேசத் தெரியாத பெற்றோரின் பிள்ளை திறமை இருந்தும் கிம்னாசியத்துக்குப் போகாமல் நின்றுவிடும் ஆபத்தை எமது குடும்பங்கள் நன்கு அறியும். இங்கிலாந்தின் சில பகுதிகளில் பதினோரு வயதுப் பரீட்சை இன்னும் இருக்கிறது. அதற்காக எட்டு வயதிலேயே ரியூசன் தொடங்குகிறது. கனடாவின் ஒன்ராறியோவில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பல்கலைக்கழகப் பாதை, செய்முறைப் பாதை என்று பிரிக்கும் வழக்கத்தை 2022இல்தான் முழுதாக நிறுத்தினார்கள்.

இவற்றுக்கு முன்னால் நாம் என்ன செய்கிறோம்? உண்மையைச் சொன்னால், எமது பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறோம். நல்ல பாடசாலை இருக்கும் வட்டாரத்தில் வீடு வாங்குகிறோம், ரியூசனுக்குக் காசைக் கொட்டுகிறோம். பெற்றோர் என்ற முறையில் அதில் குற்றம் காண முடியாது. ஆனால் இரண்டு வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கும், அகதி விண்ணப்பம் முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வழி இல்லை. அவர்களும் எம்மவர்கள்தான். கட்டணமில்லாத பள்ளிக்கூடத்தால் மேலே வந்த நாம், கட்டணம் கொடுத்தால்தான் மேலே வரலாம் என்ற ஒழுங்கை இங்கே பலப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. வட்டாரத்துப் பொதுப் பாடசாலையின் பெற்றோர் குழுவில் எம்மவர் ஒருவராவது இருக்க வேண்டும். பாதை பிரிக்கும் வயது வருமுன்பே அந்த நாட்டு முறையைத் தமிழில் விளக்கும் கூட்டங்களைத் தமிழ்ப் பள்ளிகளில் நடத்தலாம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்தபின் அதே மண்டபத்தில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எமது இளையவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள்.

ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எமது பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து வைத்துத் தாம் படித்த கல்லூரிக்குப் பணம் அனுப்புகின்றன. அது நன்றிக்கடன், போற்றத்தக்கது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கனவே பெயர்பெற்ற நகரத்துக் கல்லூரிகளுக்கே போய்ச் சேர்கிறது. வன்னியிலும் படுவான்கரையிலும் மலையகத்திலும் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவே இல்லாத பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்காகப் பழைய மாணவர் சங்கம் ஒன்றும் வெளிநாட்டில் இல்லை. நீச்சல் தடாகத்துக்கும் மண்டபத்துக்கும் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை அங்கே ஒரு கணித ஆசிரியரின் சம்பளத்துக்கும், ஓர் ஆய்வுகூடத்துக்கும், தூரத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதிக்கும் ஒதுக்க முடியாதா?

கன்னங்கரா முதன்முதலில் கட்டியதும் இவற்றைத்தான். இலங்கையில் அவருடைய புலமைப்பரிசில் பரீட்சையே இன்று பத்து வயதுப் பிள்ளைகளை ரியூசன் கடைகளுக்குத் துரத்தும் போட்டியாகிவிட்டது. அவர் கட்டிய மத்திய கல்லூரிகள் பல போரிலும் புறக்கணிப்பிலும் நலிந்துபோயின. அவற்றின் பிள்ளைகளோ உலகெங்கும் பரந்திருக்கிறோம். அடுத்த முறை வீட்டில் புலமைப்பரிசில் கதை வரும்போது அந்தப் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அவர் எமக்குச் செய்ததையும், மலையகத்துக்குச் செய்யாமல் விட்டதையும் சேர்த்தே சொல்லுவோம். அடுத்த சங்கக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, ஆசிரியர் இல்லாத அந்தப் பாடசாலைகளுக்காக யாராவது ஒருவர் கையை உயர்த்துவோம்.